கழுத்தில் 27 கிலோ மூட்டை! போடி குமாஸ்தாக்களே, உஷார்!

தினம் 2 நிமிட பயிற்சி வலியை குறைக்கும்: டென்மார்க் பரிசோதனையில் தெரிந்த உண்மை

போடிநாயக்கனூர்,

ஏலக்காய் மூட்டை தூக்குகிறவருக்கு கழுத்து வலித்தால் காரணம் கேட்க வேண்டியது இல்லை. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு ஏன் வலிக்கிறது?

அவரும் மூட்டைதான் தூக்குகிறார். அந்த மூட்டை அவருடைய தலை!

இது பற்றிய விவரம் வருமாறு:-

மனித தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் கழுத்து தாங்க வேண்டியது அந்த 5 கிலோதான். தலையை முன்னால் குனிய குனிய பாரம் ஏறுகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தை சேர்ந்த முதுகெலும்பு டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ், இதை 2014-ம் ஆண்டு கணக்கு போட்டு வெளியிட்டார்.

தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ பாரம். 30 டிகிரி என்றால் 18 கிலோ. 45 டிகிரி என்றால் 22 கிலோ. செல்போனை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது போல 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ!

இது கணக்கு போட்டு கண்ட அளவு. தராசில் வைத்து நிறுத்தது அல்ல. ஆனாலும் விஷயம் எளிதாக புரிகிறது. வாளி தண்ணீரை உடம்போடு ஒட்டி தூக்கினால் கை வலிக்காது. கையை நீட்டி தூக்கினால் அரை நிமிடம் தாங்காது. தலையும் அப்படித்தான்.

ஏல கூடம்

ஏலக்காய்க்கு பேர் போன ஊர் போடி. மலையில் விளைகிற காய் இங்கே இறங்குகிறது. ஸ்பைசஸ் போர்டு என்கிற நறுமண பொருட்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் இங்கும், மலைக்கு அந்த பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் ஏலம் நடக்கிறது.

முன்பெல்லாம் ஏலம் என்றால் வாய் விட்டு கூவுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் ஏலம். வியாபாரிகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் விலை கேட்கிறார்கள். ஒரு கண் திரையில். ஒரு கண் மாதிரி காயில்.

காயை பார்க்க குனிய வேண்டும். விலையை பார்க்க நிமிர வேண்டும். விலை ஏறும்போது தலை தானாக திரைக்கு முன்னால் நீளும். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு கிலோ ஏலக்காய் 7 ஆயிரம் ரூபாயை தொட்டது. அந்த மாதிரி நேரத்தில் யார் கழுத்தை நினைப்பார்கள்?

ஏலம் முடிந்ததும் கமிஷன் கடையில் வேலை தொடங்குகிறது. பில் போட வேண்டும். எடை சரி பார்க்க வேண்டும். போனை காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் எழுதி, மறு கையால் காயை உருட்டி பார்க்கிற குமாஸ்தாக்கள் எந்த ஊர் கடையிலும் உண்டு. கழுத்து வலிக்கு இதை விட நல்ல அழைப்பு கிடையாது!

"என்னண்ணே, கழுத்து ஒரு பக்கமா நிக்குது?"

"ராத்திரி தலகாணி சரியில்லப்பா..."

கடைத்தெருவில் கேட்கிற பேச்சு இது. தலையணை மேல் பழி போடுவது எளிது. பகலெல்லாம் 8 மணி நேரம் குனிந்திருந்ததை யாரும் சொல்வது இல்லை.

பெண்கள் பாடு

காய் பொறுக்குகிற பெண்கள் நிலைமை இன்னும் மோசம். தரையில் உட்கார்ந்து, குவியலுக்கு மேல் குனிந்து, வெடித்த காய், நிறம் மாறிய காய், பொடி காய் என்று பிரிக்க வேண்டும். 8 மில்லி மீட்டர் காய் ஒரு பக்கம். 7 மில்லி மீட்டர் காய் ஒரு பக்கம். பச்சை நிறத்தில் ஒரு சாயல் குறைந்தாலும் கண் கண்டுபிடிக்க வேண்டும்.

அதிகாலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை கடந்து தோட்டத்துக்கு போகிறவர்களுக்கும் இதே கதிதான். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் உச்சியில் காய்ப்பது இல்லை. செடியின் அடியில், தரையோடு தரையாக படரும் சரத்தில் காய்க்கும். நாள் முழுவதும் குனிந்துதான் எடுக்க வேண்டும்.

ஆபீஸ் குமாஸ்தா லீவு எழுதி கொடுக்கலாம். இவர்கள் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு.

உலகம் முழுவதும் 2020-ம் ஆண்டில் 20 கோடியே 30 லட்சம் பேர் கழுத்து வலியோடு இருந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்களை விட பெண்களுக்கே அதிகம்.

எலும்பு தேய்ந்துவிட்டதா?

கழுத்து வலி என்று போனால் பலரும் பயப்படுவது ஒரு வார்த்தைக்கு. "எலும்பு தேய்மானம்".

கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான்! எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை போல ஜவ்வு இருக்கிறது. வயது ஏற ஏற ஜவ்வு வற்றும். கொஞ்சம் பிதுங்கும். தலை நரைப்பது போல இதுவும் ஒரு மாற்றம்.

ஜப்பான் நாட்டில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து பார்த்தார்கள். முடிவு 2015-ம் ஆண்டு வெளியானது. அதில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கி இருந்தது! அவர்கள் யாருக்கும் வலி இல்லை.

ஆகவே ஸ்கேனில் "பிதுக்கம்" என்று எழுதி இருந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். அதுதான் உங்கள் வலிக்கு காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆபரேஷன் வேண்டுமோ என்று ராத்திரி தூக்கத்தை கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கவலையும் தூக்கம் கெட்டதும் வலியை ஏற்றி விடும்.

பெரும்பாலான கழுத்து பிடிப்பு சில நாட்களிலோ, சில வாரங்களிலோ அடங்கி விடும். தொல்லை என்னவென்றால், திரும்ப திரும்ப வரும். வராமல் தடுக்க வழி என்ன? அதுதான் கேள்வி.

2 நிமிடம் போதும்

டென்மார்க் நாட்டில் அடிக்கடி கழுத்து வலி, தோள் வலி வருகிற 198 ஆபீஸ் ஊழியர்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. 2011-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

ஊழியர்களை 3 பிரிவாக பிரித்தார்கள். ஒரு பிரிவு தினம் 2 நிமிடம் ரப்பர் குழாயை இழுத்து பயிற்சி செய்தது. இன்னொரு பிரிவு தினம் 12 நிமிடம் செய்தது. வாரத்துக்கு 5 நாள். மொத்தம் 10 வாரம். மூன்றாவது பிரிவு பயிற்சி செய்யவில்லை.

வலிக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று கேட்டார்கள். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், 2 நிமிடம் செய்தவர்களுக்கு 1.4 மார்க் வலி குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்கு 1.9 மார்க் குறைந்தது.

6 மடங்கு நேரம் செலவழித்தவருக்கும், 2 நிமிடம் செய்தவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஒரு டீ ஆறுகிற நேரம் போதும்.

பின்லாந்து நாட்டில் நெடுநாள் கழுத்து வலி உள்ள 180 பெண் ஆபீஸ் ஊழியர்களை ஓர் ஆண்டு கவனித்தார்கள். 2003-ம் ஆண்டு முடிவு வந்தது. கழுத்துக்கு பலம் கொடுக்கும் பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு வலி பெரிதும் குறைந்தது. அல்லது அடியோடு போனது. பளு குறைவாக, அதிக முறை செய்தவர்களில் இது 59 சதவீதம். கை காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் செய்ய சொல்லப்பட்டவர்களில் 21 சதவீதம்தான்.

இதில் இருந்து தெரிவது என்ன? கழுத்துக்கு தேவை ஓய்வு அல்ல. பலம்!

என்ன செய்ய வேண்டும்?

ஆபீசிலேயே, நாற்காலியில் இருந்தபடியே செய்யலாம். வேட்டியோ, சேலையோ தடை இல்லை.

(1) தாடை பயிற்சி:- நேராக பாருங்கள். தாடையை மேலே தூக்காமல், கீழே இறக்காமல், அப்படியே பின்னுக்கு இழுங்கள். கழுத்தில் இரட்டை மடிப்பு விழும். 5 எண்ணும் வரை நிறுத்தி விடுங்கள். 10 முறை.

(2) கை தடுப்பு:- உள்ளங்கையை நெற்றியில் வையுங்கள். தலையால் கையை தள்ளுங்கள். கையால் தலையை தடுங்கள். தலை அசையக்கூடாது. 5 எண்ணுங்கள். இதே போல பின்னந்தலை, வலது பக்கம், இடது பக்கம். பக்கத்துக்கு 5 முறை. முழு பலத்தை காட்ட வேண்டாம். பாதி பலம் போதும்.

(3) தோள் பட்டை:- நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு தோள் பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றோடு ஒன்று சேர்ப்பது போல இறுக்குங்கள். 5 எண்ணி விடுங்கள். 10 முறை.

(4) ரப்பர் பயிற்சி:- டென்மார்க்காரர்கள் செய்தது இதுதான். ரப்பர் குழாயின் நடுப்பகுதியை காலால் மிதித்துக்கொண்டு, இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, கைகளை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு தூக்கி இறக்க வேண்டும். கை சோர்கிற வரை. அதிகம் போனால் 2 நிமிடம். ரப்பர் குழாய் இல்லையா? வெடிப்பு இல்லாத பழைய சைக்கிள் டியூப் போதும். அதுவும் இல்லை என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு.

(5) பக்கவாட்டு இழுப்பு:- வலது காதை வலது தோள் பக்கம் மெதுவாக சாயுங்கள். இடது தோள் மேலே வரக்கூடாது. 20 எண்ணுங்கள். பிறகு மறு பக்கம்.

பயிற்சி தொடங்கிய முதல் வாரம் சதை கொஞ்சம் வலிக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் கைக்கு மின்சாரம் பாய்வது போல வலி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

செலவு இல்லாத மாற்றம்

பயிற்சி ஒரு பக்கம். உட்காரும் இடத்தை சரி செய்வது இன்னொரு பக்கம். இதற்கு புது நாற்காலி வாங்க வேண்டும் என்று முதலாளிகள் அலற வேண்டாம்.

கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும். ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரை தாழ்ந்து இருந்தால் அடியில் பழைய கணக்கு நோட்டு நாலு வையுங்கள். மூட்டை கட்டி பரணில் போட்ட நோட்டுக்கு ஒரு வேலை ஆச்சு!

லேப்டாப் என்றால் அதை உயர்த்தி வைத்து, தட்டுவதற்கு தனி கீபோர்டு போட்டுக்கொள்ள வேண்டும்.

முழங்கை மேஜை உயரத்தில் மடங்கி இருக்க வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். கால் எட்டவில்லை என்றால் ஒரு மணை பலகை போடுங்கள்.

அந்த காலத்து கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாய்வான மூடி வைத்த மரப்பெட்டி மேல் எழுதினார்கள். அந்த சாய்வு அழகுக்கு வைத்தது அல்ல. கண் தாழ்வதற்கு பதிலாக காகிதம் மேலே வந்தது! இன்றும் நோட்டு புத்தகத்துக்கு அடியில் ஒரு சாய்வு பலகை வைத்தால் தலை குனிவது குறையும்.

வெளிச்சம் முக்கியம். வெளிச்சம் மங்கினால் தலை தானாக குனியும். காய் பொறுக்குகிற இடத்தில் ஒரு நல்ல விளக்கு போடுவது கண்ணுக்கும் லாபம், கழுத்துக்கும் லாபம், தரம் பிரிப்பதில் தவறு குறைவதால் முதலாளிக்கும் லாபம். முறத்தை தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வைத்தால் அரை அடி குனிவு மிச்சம்.

40 வயதை தாண்டியவர்களுக்கு ஒரு சேதி. இரட்டை கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்கிறீர்களா? கீழ் பாதி வழியாக திரையை பார்க்க தாடையை தூக்குவீர்கள். பின் கழுத்து வலிக்கும். உங்களுக்கு மட்டும் திரை கொஞ்சம் தாழ்வாக இருப்பது நல்லது. அல்லது கம்ப்யூட்டர் தூரத்துக்கு என்று கண் டாக்டரிடம் தனி கண்ணாடி கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் கல் பிள்ளையார் போல அசையாமல் உட்காரக்கூடாது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். தண்ணீர் குடிக்க நடந்து போங்கள். போன் வந்தால் நின்று பேசுங்கள்.

பஸ் தூக்கம்

தேனி, மதுரை என்று தினம் போய் வருகிறவர்களுக்கு இது.

மதுரை - போடி பாதையில் 2010-ம் ஆண்டு டிசம்பரோடு மீட்டர் கேஜ் ரெயில் நின்றது. பாதையை அகலமாக்கி மறுபடி போடிக்கு ரெயில் வந்தது 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி. 12 ஆண்டுக்கு மேல் ஊரே பஸ்சில்தான் தலையை ஆட்டிக்கொண்டு தூங்கியது!

உட்கார்ந்து தூங்கும்போது கழுத்து சதை தளர்ந்து விடும். பள்ளத்தில் பஸ் குதித்தால் தலை வெடுக்கென்று சாயும். ஒரு துண்டை சுருட்டி கழுத்தை சுற்றி போட்டுக்கொண்டு தூங்குங்கள். அவ்வளவுதான்.

செல்போனை மடியில் வைத்து பார்க்க வேண்டாம். நெஞ்சுக்கு நேராக தூக்கி பிடியுங்கள். இந்த பக்கத்தை படிக்கிறவர்களும் கொஞ்சம் தூக்கி பிடித்து படியுங்கள்!

வீட்டில் குப்புற படுக்கக்கூடாது. தலையணை ரொம்ப உயரமும் வேண்டாம், இல்லாமலும் வேண்டாம். ஒருக்களித்து படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்புகிற அளவு இருந்தால் சரி.

நெட்டி எடுக்காதீர்கள்

"நம்ம கடைக்கு வாங்கண்ணே, ஒரே திருப்பு. சுளுக்கு பறந்துரும்!"

முடி வெட்டி முடித்ததும் தலையை பிடித்து 'படக்' என்று திருப்புகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. சத்தம் கேட்டால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்து எலும்புக்குள் நுழைந்துதான் போகின்றன. திடீரென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழியலாம். ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். அரிதாக நடப்பதுதான். ஆனால் நடந்தால் திரும்ப பெற முடியாது.

வலி மாத்திரையை கடையில் வாங்கி நாள் கணக்கில் விழுங்குவதும் தப்பு. வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரை கேட்காமல் தொடவே கூடாது.

கழுத்து பட்டையும் அப்படித்தான். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போட்டால் சதை சோம்பேறி ஆகி விடும். கழற்றினால் முன்னை விட அதிகம் வலிக்கும்.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். நல்லது.

எப்போது ஓட வேண்டும்?

கீழ்க்கண்டவை இருந்தால் பயிற்சி, ஒத்தடம் என்று நாள் கடத்தக்கூடாது.

கை மரத்து போவது. பிடித்த டம்ளர் நழுவுவது. சட்டை பித்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவது. நடக்கும்போது கால் தள்ளாடுவது. சிறுநீர் அடக்க முடியாமல் போவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கீழே விழுந்த பிறகு அல்லது விபத்துக்கு பிறகு வருகிற வலி. காரணம் இல்லாமல் எடை குறைவது.

கழுத்து, தாடை, இடது கை வலியோடு வியர்த்து கொட்டி நெஞ்சு இறுகினால் அது சுளுக்கு அல்ல. மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

போடியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நகர முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களுக்கு 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

உட்கார உரிமை

கடை ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு.

நாள் முழுக்க கால் கடுக்க நிற்கிற துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளாவில் 2018-ம் ஆண்டு சட்டம் வந்தது. மலைக்கு இந்த பக்கம் தமிழ்நாட்டில், 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-ம் ஆண்டு திருத்தினார்கள். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார, ஒவ்வொரு கடையிலும் ஊழியர்களுக்கு தகுந்த இருக்கை போட வேண்டும் என்று அது சொல்கிறது.

நிற்கிறவருக்கு உட்கார உரிமை தந்தார்கள். உட்கார்ந்தே இருக்கிறவர் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்பதற்கு எந்த சட்டமும் தேவை இல்லை. முதலாளிகள் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும். 2 நிமிடம் போனால் கடை நஷ்டம் ஆகாது. கணக்கு தெரிந்த ஆள் கழுத்து வலியால் 10 நாள் படுத்தால்தான் நஷ்டம்.

நாளை காலை கடை திறந்ததும் முதல் வேலையாக திரைக்கு அடியில் நாலு நோட்டை வையுங்கள். டீ வருவதற்குள் 2 நிமிட பயிற்சி. 10 வாரம் விடாமல் செய்து பாருங்கள். வலி குறைந்தால் பக்கத்து கடைக்காரருக்கும் சொல்லுங்கள்!